பெயிண்டின் மேல் ஒரு துளி: பல கட்ட உற்பத்தியில் சோதனையை எங்கே வைப்பது? ஒரு நிகழ்வு ஆய்வு

பிரஷர் டெஸ்ட் மேசையில் ஒரு பம்ப் நிற்கிறது. பேரிங்கை அழுத்தி உட்கார வைத்தாயிற்று, ஷாஃப்ட் ஏறியாயிற்று, சீல் போட்டாயிற்று, பெயிண்டும் காய்ந்துவிட்டது. உள்ளே தண்ணீரை அழுத்தத்தில் ஏற்றுகிறார்கள். முள் நிற்கிறது. எல்லாம் சரி என்று நினைக்கும்போது, போருக்கு, அதாவது பேரிங் உட்காரும் உருளைத் துளைக்கு, பக்கத்தில் பெயிண்டின் மேல் வியர்வை மாதிரி ஒரு துளி. துணியால் துடைத்தால் போய்விடுகிறது. அரை நிமிடத்தில் அதே இடத்தில் மறுபடி வருகிறது.

காரணம் காஸ்டிங்கில், அதாவது பம்பின் வார்ப்பு உடலில், இருந்த ஊசித்துளை. உலோகம் உருக்கி ஊற்றிய அன்றே அது உள்ளே உட்கார்ந்துவிட்டது. அடுத்த ஐந்து கட்ட வேலையும் அதன் மேல் ஏறி முடிந்த பிறகுதான் வெளியே தெரிந்திருக்கிறது.

இப்படி நடந்தால் பெரும்பாலான பட்டறைகள் செய்வது ஒன்றுதான்: கடைசி மேசையில் இன்னொரு ஆளைப் போடுவார்கள். அங்கேதானே குறை தெரிகிறது, அங்கேயே பலப்படுத்துவோம் என்ற எண்ணம். அது பாதிதான் சரி. கடைசியில் பிடித்தால் வாடிக்கையாளர் தப்பிக்கிறார். பட்டறை தப்பிப்பதில்லை. சோதனையை எங்கே வைப்பது என்று முடிவெடுக்கும்போது முடிந்த வேலையைப் பார்ப்பதைவிட, அடுத்து வரப்போகும் வேலையைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அதை எண்களோடு காட்டத்தான் இந்த ஆய்வு.

இதில் வரும் வரிசை, கணக்குக்காக நான் அமைத்த மாதிரி. எண்களைக் கையால் போட்டுப் பார்க்கும்படி எளிமையாக எடுத்திருக்கிறேன். உங்கள் வரிசைக்கு உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்கு போடும் முறை மாறாது.

வரிசையும் செலவும்

பம்ப் பாடி ஒன்று காஸ்டிங்காக வருகிறது. அப்போது அதன் செலவு 100 அலகு. ரஃப் மெஷினிங், அதாவது மேல்தோலைச் சீவும் முதல் வெட்டு, 40 அலகைச் சேர்க்கிறது. போரைக் கடைசி அளவுக்குக் குடையும் ஃபினிஷ் போரிங் 60. துளை போட்டு உள்ளே இழை வெட்டுவது (டேப்பிங்) 20, பெயிண்டிங் 20. அசெம்பிளியில் பேரிங், ஷாஃப்ட், சீல் எல்லாம் ஏறுவதால் 160. ஆக மொத்தம் 400. கடைசியில் பிரஷர் டெஸ்ட், அதை எந்தச் சூழ்நிலையிலும் எடுக்கப்போவதில்லை.

1,000 பாடி வந்தால் 40-ல் ஊசித்துளை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், அதாவது 4%. அது பிரஷர் டெஸ்டில் தெரிந்தால் பம்பைப் பிரித்து, மீட்கக்கூடிய உதிரிகளை எடுத்துக்கொள்ளலாம். பிரிக்கும் கூலி போக 90 அலகு திரும்பும். மீதி 310 நஷ்டம். 40 பாடிக்கு 12,400.

ஏற்கெனவே ஒரு சோதனையும் உண்டு. காஸ்டிங் வந்து இறங்கியதும் இரண்டு பேர் விளக்கைப் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். பாடிக்கு 2 அலகு செலவு. பொறுப்பாகத்தான் செய்கிறார்கள், குறை அவர்களிடம் இல்லை. காஸ்டிங்கின் வெளித்தோல் மூடியிருக்கும். ஊசித்துளை தோலுக்கு அடியில் இருக்கும். அந்தத் தோலைச் சீவி எடுத்தால்தான் துளை வாய் திறக்கும். அதனால் 40-ல் 4-தான் இங்கே அகப்படுகிறது. ஒவ்வொன்றும் 310 நஷ்டத்துக்குப் பதில் 100 நஷ்டத்தோடு நின்றால் 210 மிச்சம், நான்குக்கு 840. அதற்குச் செலவழித்தது 2,000.

குறை பிறக்கும் இடம் ஒன்று, கண்ணுக்குத் தெரியும் இடம் வேறு. "எவ்வளவு முன்னால் பிடிக்கிறோமோ அவ்வளவு நல்லது" என்று எல்லோரும் சொல்வோம். தெரியாத இடத்தில் முன்கூட்டியே பார்த்து என்ன பயன்? முதலில் கேட்க வேண்டியது, இந்தக் குறை எந்தக் கட்டத்துக்குப் பிறகு தெரிய ஆரம்பிக்கிறது என்பதுதான்.

போரிங்குக்கு முன்னாலா, பின்னாலா?

ஊசித்துளை இரண்டு கட்டங்களில் வாய் திறக்கிறது. ரஃப் மெஷினிங் பெரும்பகுதித் தோலை எடுத்துவிடும், ஆனால் போரில் கடைசி வெட்டுக்கான உலோகம் இன்னும் மிச்சம் இருக்கும். அப்போது திறப்புகளை ரப்பர் தகட்டால் அடைத்துக் காற்றை ஏற்றி, தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்தால் பாதிதான் தெரியும்: 40-ல் 20. ஃபினிஷ் போரிங் முடிந்த பிறகு இதே லீக் டெஸ்டைச் செய்தால் 95% தெரியும்: 40-ல் 38. இரண்டு இடத்திலும் பாடிக்கு 3 அலகு செலவு.

முதலில் கணக்குப் புத்தகத்தின்படி பார்ப்போம். ரஃபுக்குப் பின் பிடித்தால் அதுவரை போன 140-தான் நஷ்டம், மிச்சம் 170. இருபது பாடிக்கு 3,400. சோதனைச் செலவு 3,000. கையில் நிற்பது 400. போரிங்குக்குப் பின் பிடித்தால் 200 போயிருக்கும், மிச்சம் 110. ஆனால் 38 அகப்படுகிறது. 4,180-ல் 3,000 போனால் 1,180.

ஆகவே போரிங்குக்குப் பின் வைப்பதே நல்லது என்று கணக்குப் புத்தகம் சொல்கிறது. பலரும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

இப்போது தரையில் இறங்கிப் பார்ப்போம். போரிங் இயந்திரத்துக்கு முன்னால் பாடிகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. மற்ற இயந்திரங்கள் அவ்வப்போது ஓய்ந்திருக்க, இது மட்டும் எல்லா ஷிப்டும் ஓடுகிறது. வரிசையின் இடுக்கு இதுதான். ஒரு நாளில் எத்தனை பம்ப் வெளியே போகும் என்பதை இந்த ஒரு இயந்திரமே தீர்மானிக்கிறது. உதவாத பாடி ஒன்று அதில் ஏறினால், நல்ல பாடி ஒன்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அன்றைக்கு விற்றிருக்கக்கூடிய ஒரு பம்ப் குறைகிறது. மின்சாரமும் கூலியுமாக 60 என்று எழுதிவைத்திருப்பது, இடுக்கில் போன நேரத்தின் விலை ஆகாது. அதை 180 என்று எடுத்துக்கொள்வோம்.

கணக்கு அப்படியே புரண்டுவிடுகிறது. கடைசியில் பிடித்தால் நஷ்டம் 310 இல்லை, 430. போரிங்குக்குப் பின் பிடித்தால் 320. ரஃபுக்குப் பின் பிடித்தால் மட்டும் பழைய 140-தான், ஏனென்றால் அது இன்னும் இடுக்கில் ஏறவே இல்லை. ரஃபுக்குப் பின் பிடிக்கும் ஒவ்வொன்றுக்கும் மிச்சம் 290. இருபதுக்கு 5,800, செலவு போக 2,800. போரிங்குக்குப் பின் வைத்தால் பழைய 1,180 அப்படியே நிற்கிறது.

பாதிக் குறையைத்தான் பிடிக்கிற சோதனை, 95% பிடிக்கிற சோதனையை வென்றுவிட்டது. எந்தக் கருவி கூர்மையானது என்று மட்டும் கேட்டிருந்தால் இது தெரிந்தே இருக்காது. ஒன்றைச் சொல்ல வேண்டும்: இடுக்குக்கு முன்னால் நல்ல பாடிகள் எப்போதும் கொஞ்சம் காத்திருந்தால்தான் இந்த 180 உண்மை. கெட்டதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்க நல்ல பாடி இல்லையென்றால் இயந்திரம் சும்மா நிற்கும். அப்போது எதுவும் மிச்சமாகாது.

இரண்டும் வைத்தால்?

சரி, இரண்டு இடத்திலும் லாபம் வருகிறதே, இரண்டிலும் வைத்துவிடலாமே என்று தோன்றும். கூட்டிப் பார்த்தால் 2,800-ம் 1,180-ம் சேர்ந்து 3,980 வர வேண்டும். வராது. முதல் சோதனை 20-ஐ எடுத்துவிட்டதால் இரண்டாவதுக்கு மிச்சம் இருப்பது 20 கெட்டவைதான். அதில் 19 அகப்படும், 19 × 110 = 2,090. ஆனால் சோதிக்க வேண்டியது 980 பாடி, செலவு 2,940. தனியாக இருந்தபோது 1,180 லாபம் காட்டிய அதே மேசை, முன்னால் ஒன்று வந்ததும் 850 நஷ்டம் காட்டுகிறது.

அதனால்தான் ஒவ்வொரு மேசையையும் தனித்தனியாக எடுத்து "இது தேவையா?" என்று கேட்பது சரியாக வராது. வரிசை முழுவதையும் ஒரே கணக்காகப் பார்க்க வேண்டும். இடையில் ஐந்து இடம் இருந்தால், ஒவ்வொன்றிலும் வைப்பதா வேண்டாமா என்று மொத்தம் 32 ஏற்பாடு. ஒரு எக்செல் தாளில் அத்தனையையும் போட்டுப் பார்த்துவிடலாம். 15 இடம் இருந்தால் 32,768. 20 ஆனால் பத்து லட்சத்தைத் தாண்டும். 1964-லேயே லிண்ட்சே, பிஷப் என்ற இருவர் டைனமிக் புரோகிராமிங் முறையில் இதைத் தீர்த்துக் காட்டினார்கள். எல்லா ஏற்பாட்டையும் போட்டுப் பார்க்காமல், ஒவ்வொரு கட்டத்திலும் "இந்த அளவு குறையோடு இங்கே வந்து சேர்ந்தால் இதற்கு மேல் எது மலிவான வழி?" என்று மட்டும் கேட்டு விடைகளைக் கோத்துக்கொண்டு போகும் முறை அது. இன்றைய கணினிக்கு 20 இடத்தை முழுவதும் போட்டுப் பார்ப்பதே பெரிய வேலையில்லை. குறை பல வகை, சோதனை பல வகை என்று கிளை பிரியும்போதுதான் அந்த முறை கைகொடுக்கும்.

பெயிண்ட் மறைப்பது

மேலே போட்ட கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. கடைசி பிரஷர் டெஸ்ட் எல்லா ஊசித்துளையையும் பிடித்துவிடும் என்று நானே வைத்துக்கொண்டேன். ஆரம்பத்தில் சொன்ன அந்தத் துளியை நினைத்துப் பாருங்கள். அது பெயிண்டின் மேல் வந்தது. பெயிண்டை மீறி வந்தது என்றும் சொல்லலாம். மீறி வராதவையும் இருக்கும். சிறிய துளையின் வாயைப் பெயிண்ட் அடைத்துவிட்டால் டெஸ்டின்போது ஒன்றும் தெரியாது. வாடிக்கையாளரிடம் போய்ச் சூடேறி, குளிர்ந்து, அதிர்ந்து, சில மாதத்தில் பெயிண்ட் விட்டுக்கொடுக்கும். அப்புறம் ஒழுகும்.

கடைசி மேசைக்கு வரும் ஊசித்துளைகளில் 5% இப்படித் தப்பிக்கிறது, தப்பிய ஒவ்வொன்றும் எல்லாச் செலவும் சேர்ந்து 2,000 அலகு இழுக்கிறது என்று வைப்போம். 430-க்குப் பதில் 2,000 என்றால் கூடுதல் 1,570. அதில் 5% எடுத்தால், கடைசி மேசைக்கு வரும் ஒவ்வொரு கெட்ட பாடியின் தலையிலும் சராசரியாக 78.5 அலகு கூடுதல் பாரம். முன்னாலேயே பிடித்தால் அதுவும் மிச்சம்.

மறுபடி போட்டுப் பார்க்கிறேன். ரஃபுக்குப் பின் மட்டும்: 4,370. போரிங்குக்குப் பின் மட்டும்: 4,163. இரண்டும் வைத்தால் இப்போது 5,011. கொஞ்சம் முன்னால் நஷ்டம் என்று தள்ளிய அதே இரண்டாவது மேசை, பெயிண்டைப் பற்றி ஒரே ஒரு உண்மையைச் சேர்த்ததும் 641 லாபம் தருகிறது.

மூடும் வேலைக்கு முன்னால் பார் என்று பழைய ஆட்கள் சொல்வதன் கணக்கு இதுதான். பெயிண்ட், வெல்டிங், அழுத்திப் பொருத்துவது, பிசின் ஊற்றி அடைப்பது என எல்லாமே ஒரு வகையில் கதவைச் சாத்தும் வேலைகள். அதற்குப் பிறகு குறையைக் காண்பதும் கடினம், திருத்துவதும் கடினம்.

போர் பெரிதாகும்போது

இன்னொரு குறை, போரின் விட்டம் அளவுக்கு மேல் போவது. 1,000-ல் 20 என்று வைப்போம். சிறிதாக இருந்தால் இன்னொரு வெட்டு வெட்டித் திருத்தலாம். பெரிதாகிவிட்டால் ஸ்கிராப்தான். பிரஷர் டெஸ்டில் இதில் பாதிதான் தெரியும். மற்ற பாதி பேரிங் தளர்ந்து, வாடிக்கையாளரிடம் போய்ச் சத்தம் போடும். இடையில் எந்தச் சோதனையும் இல்லாவிட்டால் 10 × 430, அதோடு 10 × 2,000, மொத்தம் 24,300. போரிங் முடிந்த கையோடு பிளக் கேஜ் (துளைக்குள் விட்டு அளவு சரியா என்று பார்க்கும் உருளை) போட்டால் பாடிக்கு 1.5 அலகு, 20-ல் 18 அகப்படும். சோதனைச் செலவு 1,500, ஸ்கிராப் 5,760, தப்பிய இரண்டில் ஒன்று கடைசியில் 430, ஒன்று வெளியே 2,000. மொத்தம் 9,690. மிச்சம் 14,610. இதில் யோசிக்க ஒன்றும் இல்லை, வைக்க வேண்டியதுதான்.

யோசிக்க வேண்டியது, அந்த 20 எங்கிருந்து வருகிறது என்பது. மெஷின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றால் புரியும். உலோகத்தை வெட்டும் முனையான இன்சர்ட் தேயத் தேயப் போர் சிறிதாகிக்கொண்டே போகும். ஆபரேட்டர் அதைக் கவனித்து நூறில் ஒரு மில்லிமீட்டர், நூறில் இரண்டு என்று கரெக்ஷன் ஏற்றிக்கொண்டே வருவார். அது நல்ல வேலைதான். பிறகு இன்சர்ட் முழுவதும் தேய்ந்து, புதியதைப் போடுகிறார். ஏற்றிவைத்த கரெக்ஷனை எடுக்க மறந்தால் அடுத்த போர் அந்தக் கரெக்ஷன் அளவு முழுவதற்கும் பெரிதாகிவிடும். அதற்கடுத்ததும், அதற்கடுத்ததும் அப்படியே. யாராவது பார்க்கும்வரை நிற்காது.

அதனால் இந்தச் சோதனைக்கு இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று பிரிப்பது, கெட்டதை எடுத்து ஓரம் வைப்பது. இன்னொன்று சொல்வது, "மெஷினை நிறுத்து, ஏதோ தவறிவிட்டது" என்று. இரண்டாவதின் மதிப்பு தாமதத்தைப் பொறுத்தது. போரிங்குக்கும் கடைசி டெஸ்டுக்கும் நடுவே 300 பாடிகள் நிற்கின்றன, மெஷின் ஷிப்டுக்கு 60 போடுகிறது என்றால், இன்று நடந்த தவறு ஐந்து ஷிப்ட் கழித்துத்தான் கடைசி மேசைக்கு வந்து சேரும். அதற்குள் எத்தனை இன்சர்ட் மாறியிருக்கும்! ஆபரேட்டரிடம் போய்க் கேட்டால் அவருக்கு எப்படி நினைவிருக்கும்? தகவலாக அது உதவாது, பழிபோடத்தான் உதவும்.

எனவே போருக்கான முக்கியமான சோதனை, இன்சர்ட் மாற்றிய பின் வரும் முதல் பாடி. அதை ஆபரேட்டரே, அதே இடத்தில், அடுத்த பாடியை ஏற்றுவதற்கு முன் அளக்க வேண்டும். துடைத்து, கொஞ்சம் ஆறவிட்டு அளப்பது அவசியம். வெட்டு முடிந்த சூட்டோடு போர் சற்று விரிந்திருக்கும், கேஜ் பொய் சொல்லும். இந்த ஒரு பாடியை அளப்பது, கடைசியில் 1,000 பாடியை அளப்பதைவிட அதிக வேலை செய்யும்.

ஜப்பானின் உற்பத்தி முறை நிபுணர் ஷிகியோ ஷிங்கோ 1961-ல் செய்த ஒரு மாற்றத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஒரு சிறிய சுவிட்சுக்குள் இரண்டு ஸ்பிரிங் வைக்க வேண்டும், சில சமயம் ஒன்றை வைக்க மறந்துவிடுகிறார்கள். அவர் கூடுதல் சோதனையாளரைக் கேட்கவில்லை. முதலில் இரண்டு ஸ்பிரிங்கை எடுத்து ஒரு சிறிய தட்டில் வை, பிறகு தட்டிலிருந்து எடுத்துப் பொருத்து என்றார். வேலை முடிந்ததும் தட்டில் ஒன்று மிச்சம் இருந்தால் மறந்தது அப்போதே தெரிந்துவிடும். சோதனை வேலைக்குள்ளேயே ஒளிந்துகொண்டது. போரிங் மெஷினிலும் அதையே செய்யலாம். இன்சர்ட் மாற்றினோம் என்று பதிவு செய்தால் கரெக்ஷன் தானாகப் பூஜ்யத்துக்குத் திரும்பும்படி புரோகிராமில் இரண்டு வரி போதும். அதைச் செய்த பிறகு 20 குறைந்து எவ்வளவு ஆகிறது என்று பார்த்துத்தான், பிளக் கேஜை எல்லாப் பாடிக்கும் போடுவதா என்று மறுபடி முடிவெடுக்க வேண்டும்.

நல்லதையும் தள்ளும் சோதனை

ரஃப் மெஷினிங் முடிந்த பரப்பு சொரசொரப்பாக இருக்கும். ரப்பர் தகடு சரியாக உட்காராது. பாடியில் கசிவே இல்லாமல் தகட்டின் ஓரத்திலிருந்து குமிழி வரும். அதைப் பார்த்து நல்ல பாடியைத் தள்ளிவிடுவார்கள். நல்ல 960-ல் 1% என்றாலும் சுமார் 10 பாடி, 1,400 அலகு. இரண்டு மேசையும் இருக்கும்போது ரஃபுக்குப் பின் வைத்த மேசை கூடுதலாகத் தருவது 848-தான் (5,011-ல் 4,163 போனால்). அந்த லாபத்தைத் தின்ன இது போதும்.

தீர்வு எளிது. ரிஜெக்ட் ஆனதை உடனே ஸ்கிராப் தொட்டியில் போடாமல், ஓரங்களைத் தேய்த்துச் சுத்தம் செய்து இன்னொரு முறை பார்ப்பது. தள்ளியவை மொத்தம் 30-தான். ஒவ்வொன்றுக்கும் 5 அலகு என்றாலும் 150. நல்ல பத்தில் எட்டு திரும்பிவிட்டால் நஷ்டம் 280. ஆக இந்த மேசைக்கு 1,000 பாடிக்கு 430 அலகு கூடுதல் செலவு என்று எழுதிக்கொள்வோம். எந்தச் சோதனைத் திட்டத்திலும் இந்த வரி இருக்க வேண்டும். கெட்டதை விட்டுவிடுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், நல்லதைத் தள்ளுவது யார் கணக்கிலும் வருவதில்லை.

முழுக்கவா, மாதிரியா, வேண்டவே வேண்டாமா?

"பத்துக்கு ஒன்று பார்க்கலாமே" என்ற யோசனை எல்லாக் கூட்டத்திலும் வரும். குறை விகிதம் நிலையாக இருந்தால் அதில் பொருளில்லை. ஒரு பாடியைச் சோதிப்பது லாபம் என்றால் எல்லாவற்றையும் சோதிப்பதே லாபம், நஷ்டம் என்றால் ஒன்றைச் சோதிப்பதும் நஷ்டம். தரக் கட்டுப்பாட்டு நிபுணர் டெமிங் வலியுறுத்திய விதி இதுதான்: சோதனைச் செலவை, விட்டுவிட்டால் வரும் நஷ்டத்தால் வகுத்தால் ஒரு எல்லை கிடைக்கும். குறை விகிதம் அதற்கு மேல் என்றால் முழுக்கச் சோதி, கீழே என்றால் விட்டுவிடு. பல கட்ட வரிசைக்கும் இதே போன்ற முடிவை அறுபதுகளின் ஆய்வுகள் காட்டிவிட்டன.

நம் வரிசையில் எல்லை எவ்வளவு? போரிங்குக்குப் பின் லீக் மேசை இருக்கும்போது, அதற்கு முன்னாலேயே ஒன்றைப் பிடித்தால் மிச்சமாவது சுமார் 190 அலகுதான்: 320-க்குப் பதில் 140 என்பதால் 180, அந்த மேசையிலும் தப்பும் 5%-ன் பாரம் சுமார் 10. பாதிதான் தெரியும் என்பதால் 95. பாடிக்குச் செலவு 3, தவறாகத் தள்ளுவதற்கு 0.43. வகுத்தால் எல்லை சுமார் 3.6%. இப்போது இருப்பது 4%. மயிரிழையில் லாபம்: 1,000 பாடிக்கு 400 அலகு.

ஆனால் 4% என்பது சராசரி. காஸ்டிங்கில் ஊசித்துளை சீராக வருவதில்லை. ஒரே உருக்கில் ஊற்றியவை, பட்டறையில் ஹீட் என்று சொல்வது, ஒன்றாகக் கெடும் அல்லது ஒன்றாக நன்றாக இருக்கும். மூன்றில் இரண்டு பங்கு ஹீட்டில் 1%, மீதி ஒரு பங்கில் 10% என்றாலும் சராசரி அதே 4%. இப்போது கெட்ட ஹீட்டை மட்டும் ரஃபுக்குப் பின் சோதித்தால் 400-க்குப் பதில் 2,000 அலகுக்கு மேல் மிச்சம். மாதிரி எடுப்பதற்கு இங்கேதான் வேலை வருகிறது. பாடிகளைப் பிரிக்க இல்லை, எந்த ஹீட் என்று அறிய.

ஹீட்டுக்கு 500 பாடி என்றால், முதல் 40-ஐச் சோதிக்கலாம். ஒன்றுகூட அகப்படாவிட்டால் மீதியை விட்டுவிடலாம், ஒன்று அகப்பட்டாலும் முழுக்கச் சோதிக்கலாம். பாதிதான் கண்ணுக்குத் தெரியும் என்பதால், கெட்ட ஹீட் இந்த 40-ல் தெரியாமல் தப்பிக்க 13% வாய்ப்பு உண்டு. நல்ல ஹீட் வீணாக முழுச் சோதனையில் மாட்ட 18%. இவற்றையெல்லாம் கழித்தாலும் 1,000 பாடிக்கு சுமார் 1,400 அலகு கையில் நிற்கிறது. ஹெரால்ட் டாட்ஜ் 1943-ல் தந்த தொடர் மாதிரித் திட்டமும் இதே சிந்தனைதான்: தொடர்ந்து இத்தனை நல்லது வரும்வரை எல்லாவற்றையும் பார், பிறகு சிலவற்றை மட்டும் பார், கெட்டது ஒன்று வந்ததும் மறுபடி முழுக்கப் போ.

முடிவான ஏற்பாடு

வாசலில் விளக்கு வைத்துப் பார்க்கும் சோதனை எடுக்கப்படுகிறது. அங்கே இருந்த இருவருக்கும் காஸ்டிங்கைப் பற்றி நன்றாகத் தெரியும். அவர்களே ரஃபுக்குப் பின் வரும் லீக் மேசைக்குப் போகிறார்கள். இடம் மாற்றும்போது ஆட்களிடம் எண்களைக் காட்டிப் பேசுவது முக்கியம். இல்லையென்றால் இத்தனை நாள் செய்த வேலை வீண் என்று சொல்வதுபோல் ஆகிவிடும்.

போரிங்குக்குப் பின் ஒரே மேசையில் பிளக் கேஜும் லீக் டெஸ்டும். பாடியை ஏற்றி இறக்கும் வேலை ஒரு முறைதான் என்பதால் லீக் டெஸ்டின் செலவு 3-லிருந்து 2 ஆகக் குறையும், அந்த மேசையின் லாபம் இன்னும் திடமாகும். இது நிரந்தரம். இன்சர்ட் மாற்றிய பின் முதல் பாடியை ஆபரேட்டர் அளப்பதும் நிரந்தரம். டேப்பிங்கில் இழை கெட்டால் திருத்திவிடலாம், அதிக நஷ்டமில்லை. அதை டேப்பிங் ஆபரேட்டரே த்ரெட் கேஜ் போட்டுப் பார்த்துக்கொள்வார். பெயிண்ட் குறை அங்கேயே கண்ணில் படும், அங்கேயே திருத்தலாம். கடைசி பிரஷர் டெஸ்ட் அப்படியே இருக்கிறது, கூடுதல் ஆள் இல்லாமல்.

ரஃபுக்குப் பின் வரும் மேசை மட்டும் நிபந்தனையோடு. போரிங் மெஷின் இடுக்காக இருக்கும்வரைதான் அதற்கு வேலை. ஆர்டர் குறைந்து மெஷினுக்கு ஓய்வு கிடைக்க ஆரம்பித்தால் போரிங்கின் விலை 180-லிருந்து 60-க்கு இறங்கும். அப்போது 4% குறைக்கு இந்த மேசை செலவைக்கூட எடுக்காது. காஸ்டிங்கின் தரம் உயர்ந்து எல்லா ஹீட்டும் எல்லைக்குக் கீழே வந்தாலும் அப்படித்தான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை இரண்டு எண்களை மட்டும் பார்த்தால் போதும்: போரிங்குக்கு முன் வரிசையில் எத்தனை பாடி காத்திருக்கிறது, முதல் 40-ல் மாட்டிய ஹீட் எத்தனை.

இவ்வளவும் நடக்க ஒரு சிறிய பொருள் வேண்டும். ஹீட் எண், பாடியின் மேல். பல காஸ்டிங்குகளில் அது வார்க்கும்போதே புடைப்பாக வரும், ஆனால் ரஃப் மெஷினிங்கில் அந்த முகத்தைச் சீவினால் எண்ணும் போய்விடும். சீவாத முகத்தில் வார்க்கச் சொல்லிக் காஸ்டிங் தருபவரிடம் கேட்க வேண்டும். அது வரும்வரை, மெஷினில் ஏற்றும் முன் எண்ணைப் பார்த்து அழியாத மார்க்கரால் பக்கவாட்டில் எழுதிவிட வேண்டும். கூலன்ட் பட்டாலும் அழியாத மார்க்கராக வாங்குங்கள்.